வால் சுழலியும் இறப்பர்த் தாங்கியும்

2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர் உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து மேலெழுந்த ஹெலிகொப்டர் சிறிது நேரத்திலேயே கட்டுப்பாட்டை இழந்து சுழன்று வீழ்ந்ததில், கழக உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா உட்பட ஐவர் உயிரிழந்தனர். வால் சுழலியின் கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்த பெயாரிங் ஒன்று இறுகிப்போனதே காரணம் என, பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை 2023 இல் தெரிவித்தது.

பிரதான சுழலி ஒருபுறம் சுழல, ஹெலிகொப்டரின் உடல் மறுபுறம் திரும்ப முற்படும். அதனைத் தடுப்பது வால் சுழலியாகும். அதன் அலகுகள் சுழலும்போதே சிறிய கோணங்களில் அசைந்தாடவும் வேண்டும். இவ்வாறான அசைவில் குண்டு பெயாரிங்கின் கிறீஸ் ஒதுங்கி, ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேய்கின்றது. எனவேதான் பல ஹெலிகொப்டர்களில் அலகுகளின் மூட்டுக்கு இறப்பர்த் தாங்கிகள் வந்தன. மெல்லிய இறப்பர்ப் படைகளும் உலோகத் தகடுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டு, வெப்பத்தால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டவை இவை. படை மெல்லியதாகையால் அழுத்தும்போது இறப்பர் பக்கவாட்டில் பிதுங்க இடமில்லை; ஆகவே அலகை வெளியே இழுக்கும் பெருவிசையைத் தாங்குகின்றது. முறுக்கினாலோ எளிதில் வளைந்து கொடுக்கின்றது. எண்ணெயும் தேவையில்லை. களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டப்படும் அதே மரத்தின் இயற்கை இறப்பரே, களைப்பைத் தாங்கும் வலிமைக்காக இன்றும் இதில் விரும்பப்படுகின்றது.

ஆயினும் இது எல்லாவற்றுக்கும் மாற்றாகாது. லெஸ்டரில் பழுதடைந்தது முழுச்சுற்றுச் சுழலும் குண்டு பெயாரிங். அவ்விடத்தில் இறப்பர்த் தாங்கியைப் பொருத்தவே முடியாது.

பரிசோதனையே இங்கு மிகக் கடினமான வேலை என்பது நமது கருத்து. நிமிடத்துக்கு 1000 சுற்று என்று கொண்டால், 1000 மணி நேரப் பறப்பில் 6 கோடி அசைவுகள் நிகழும். ஆய்வுகூடத்தில் அசைவை வேகப்படுத்தி நாட்களைக் குறைக்கலாமென்றால், இறப்பர் உள்ளுக்குள் சூடேறி, பறப்பில் ஒருபோதும் நிகழாத முறையில் கெட்டுவிடும். கடுங்குளிரில் அது விறைப்பதையும், எண்ணெயும் ஓசோனும் அதனை அரிப்பதையும் தனியே சோதிக்க வேண்டும்.

எந்த விசையில் சோதிப்பது என்பது அதனினும் பெரிய கேள்வி. லெஸ்டர் அறிக்கையில் நாம் முக்கியமாகக் கருதுவது இதனையே. பறப்பில் அளக்கப்பட்ட விசைகளின் விபரம் பெயாரிங் தயாரிப்பாளருக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. வழங்க வேண்டுமென்று விதிகளும் கோரவில்லை. காகிதத்தில் கணித்த விசையை மட்டும் நம்பினால், இறப்பர்த் தாங்கியின் சோதனையும் பொருளற்றதாகிவிடும்.

எனினும் இறப்பருக்கு ஒரு நற்குணம் உண்டு. அது திடீரென இறுகிப் போவதில்லை. விளிம்பில் வெடிப்புத் தோன்றி, துகள்கள் உதிர்ந்து, விறைப்பு மெல்லக் குறைகின்றது. டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கும் தொழில்நுட்பவியலாளரின் கண்ணுக்கு அது தப்புவது அரிது. லெஸ்டர் ஹெலிகொப்டரின் பெயாரிங்கோ உள்ளே மறைந்திருந்தது.