கோட்டுக்கு முந்திய சந்தை

கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமத்தார் அரிசியும் காய்கறியும் விலை குறைவாக வாங்கத் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போவதை எல்லையோரத்துச் சாமர்த்தியம் என்கிறார்கள். ரேஷன் அரிசி பிடிபட்ட செய்தி வந்தால் அதே சாமர்த்தியம் குற்றமாகிவிடும். இந்தப் போக்குவரத்து எல்லையைவிடப் பழையது என்பது இரண்டு பேச்சிலும் விட்டுப்போகிறது. 1956 நவம்பர் 1 வரை இங்கே மாநில எல்லைக் கோடே கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் விளைந்த நாஞ்சில் நாட்டு நெல் மேற்கே போவது திருவிதாங்கூருக்குள் நடந்த அன்றாட வியாபாரம். அந்த நெல்லும் போதாமல் சமஸ்தானம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி அந்த வரத்து நின்றபோது, விசாகம் திருநாள் மகாராஜா முன்பு ஊக்குவித்த மரச்சீனிதான் ஏழை வீடுகளில் உலையேறியது. பிறகு மொழிவாரிப் பிரிவினையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. வயல் ஒரு பக்கம், வயிறு மறுபக்கம்.

பிரிந்த உடனே இது உறைக்கவில்லை. தென் மாநிலங்கள் ஒரே உணவு மண்டலமாக இருந்தவரை நெல் தடையின்றி வந்தது. 1964-ல் அந்த மண்டலம் உடைந்து, ஒவ்வொரு மாநிலமும் தன் அரிசியைத் தானே காவல் காத்தது. அந்த ஆண்டே கேரளத்தில் ரேஷன் முறை விரிந்தது. நேற்றுவரை வியாபாரி என்று அழைக்கப்பட்டவர் அதே மூட்டையோடு கடத்தல்காரர் ஆனார்.

இன்றைய ரேஷன் அரிசியை அந்தப் பழைய நெல்லோடு சேர்த்துப் பேசலாமா என்று கேட்பது நியாயம். தமிழ்நாட்டில் 2008-ல் கிலோ ஒரு ரூபாயானது, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அந்தச் செலவு அரசுடையது. அந்த அரிசியை வாங்கிப் பாலிஷ் போட்டு வேறு பெயரில் விற்பதைப் பழைய உரிமை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அந்த லாபம் பாறசாலை அடுக்களைக்குப் போவதில்லை, லாரிக்காரருக்கும் ஆலைக்காரருக்கும்தான் போகிறது. கேரளமோ 1997-ல் ரேஷன் அட்டைதாரரை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. ஒரே சாலையின் இரு முனைகளில் அரிசிக்கு இரண்டு விலை வைத்தவை அரசுகளே. 2017-ல் ஜிஎஸ்டியோடு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. வாழைக்குலைக்கும் காய்கறிக்கும் கோடு மறைந்தது, ரேஷன் அரிசிக்கு மட்டும் இன்னும் இருக்கிறது.