எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் 3: டிரீம் வாரியர்ஸ்

எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் 3: டிரீம் வாரியர்ஸ் (பொருள்: எல்ம் தெருவில் ஒரு கொடுங்கனவு 3: கனவுப் போராளிகள்) 1987 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலத் திகில் திரைப்படமாகும். எல்ம் ஸ்ட்ரீட் தொடரின் மூன்றாம் படமான இதனை நியூ லைன் சினிமா நிறுவனம் தயாரித்தது. சக் ரசல் இயக்கிய முதல் திரைப்படம் இதுவே. முதல் படத்தை எழுதி இயக்கிய வெஸ் கிராவன், புரூஸ் வாக்னருடன் சேர்ந்து கதையை எழுதினார். திரைக்கதையில் இவ்விருவருடன் சக் ரசல், பிராங்க் டாரபான்ட் ஆகியோரும் பங்கேற்றனர். ஹெதர் லாங்கென்காம்ப், பட்ரீசியா ஆர்க்வெட், கிரெய்க் வாசன் ஆகியோர் முதன்மை வேடங்களிலும், ராபர்ட் இங்லண்ட் கொலைகாரன் ஃபிரெடி குரூகராகவும் நடித்துள்ளனர்.

பின்னணி

தொடரின் முதல் படம் 1984 இல் வெளிவந்தது. சிறுவர்களைக் கொன்ற ஃபிரெடி குரூகர் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிவிட, பெற்றோர்கள் ஒன்றுகூடி அவனை உயிருடன் எரித்துவிடுகின்றனர். எரிந்த முகமும் கத்திகள் பொருத்திய கையுறையுமாக அவன் அவர்களுடைய பிள்ளைகளின் கனவுகளில் திரும்பி வருகிறான். கனவில் அவனால் ஏற்படும் காயம் உடலிலும் ஏற்படும். கனவில் இறந்தவர் விழிப்பதில்லை. நான்சி தாம்சன் என்னும் மாணவி அவனை எதிர்த்து நிற்பதே அப்படத்தின் கதை.

இக்கதைக்கு வித்திட்டவை செய்தித்தாள் குறிப்புகள் எனக் கிராவன் கூறியுள்ளார். போருக்குப் பின் லாவோஸ் முதலிய தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்தவர்களுள், உடல்நலத்துடன் இருந்த இளம் ஆண்கள் சிலர் காரணம் தெரியாமல் உறக்கத்திலேயே இறந்தனர். 1970களின் இறுதியிலிருந்து இவ்வாறு இறந்தோரில் மொங் இனத்தவர் மிகுதி. இவ்விறப்புகளுள் பல, 1992 இல் விவரிக்கப்பட்ட புருகாடா நோய்க்கூட்டறிகுறி எனும் இதயத் துடிப்புக் கோளாற்றுடன் பின்னர் தொடர்புபடுத்தப்பட்டன. உறங்க அஞ்சியவர்களின் அச்சத்தைப் பிறர் நம்பவில்லை என்பதே கிராவனைப் பாதித்தது. மூன்றாம் படத்தின் மையமும் அதுவே.

1985 இல் ஜாக் ஷோல்டர் இயக்கிய இரண்டாம் படத்தில் கிராவன் பங்கேற்கவில்லை. அதில் நான்சி தோன்றுவதில்லை; அவளுடைய நாட்குறிப்பு மட்டுமே இடம்பெறுகிறது. கதைத் தொடர்ச்சியைக் கொண்டு பார்த்தால் மூன்றாம் படத்தையே முதல் படத்தின் நேரடித் தொடர்ச்சி எனலாம்.

கதைச் சுருக்கம்

கிறிஸ்டன் பார்க்கர் என்னும் பெண் உறக்கத்தைத் தவிர்க்கக் காகிதமும் பசையும் கொண்டு ஒரு வீட்டின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறாள். அது எல்ம் தெருவிலுள்ள நான்சியின் பழைய வீடு. கிறிஸ்டன் அதனைக் கனவில் மட்டுமே கண்டிருக்கிறாள். அன்றிரவு கனவில் ஃபிரெடி அவளுடைய மணிக்கட்டை அறுக்கிறான். தாயின் கண்களுக்கு அது தற்கொலை முயற்சியாகவே படுகிறது. அவள் வெஸ்டின் ஹில்ஸ் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள்.

அங்கு அவளைப் போன்றே கொடுங்கனவுகளால் அல்லலுறும் இளையோர் பலர் இருக்கின்றனர். எல்லோரும் ஒரே மனிதனைக் கனவில் காண்கின்றனர். இதனைக் குழு மனப்பிறழ்வு என மூத்த மருத்துவர் சிம்ஸ் கருதுகிறார். கனவு ஆய்வில் பயிற்சி பெற்று அங்குப் பணிக்கு வரும் நான்சி மட்டுமே உண்மையை அறிந்தவள். இவர்கள் ஃபிரெடியை எரித்த பெற்றோரின் எஞ்சிய பிள்ளைகள் என அவள் கூறுகிறாள். மருத்துவர் நீல் கார்டன் மெல்ல அவளை நம்பத் தொடங்குகிறார். பிறரைத் தன் கனவுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆற்றல் கிறிஸ்டனுக்கு உள்ளது என்பதும் தெரியவருகிறது.

இதற்கிடையில் இறப்புகள் தொடர்கின்றன. பொம்மைகள் செய்யும் பிலிப்பின் தசைநாண்களையே கயிறுகளாக்கி, பொம்மலாட்டப் பாவையைப் போல நடத்திச் சென்று ஃபிரெடி அவனைக் கோபுரத்திலிருந்து வீழ்த்துகிறான். தொலைக்காட்சி நடிகையாக விரும்பிய ஜெனிஃபர் தொலைக்காட்சிப் பெட்டியாலேயே கொல்லப்படுகிறாள். பேசாத சிறுவன் ஜோயி ஆழ்மயக்கத்தில் வீழ்கிறான். முந்தைய இரண்டு இறப்புகளுக்கும் தற்கொலை என்றே காரணம் சொல்லப்பட்டிருக்க, ஜோயியின் நிலைக்குப் பொறுப்பாக்கப்பட்டு நான்சியும் நீலும் பணிநீக்கம் செய்யப்படுகின்றனர். கிறிஸ்டனுக்குத் தூக்க மருந்து செலுத்தித் தனியறையில் அடைக்கின்றனர். காப்பாற்றுவதற்கென அளிக்கப்படும் மருத்துவமே அவளைக் கொலைகாரனிடம் ஒப்படைக்கும் இக்கட்டம் படத்தின் மிகக் கொடிய பகுதி எனலாம். இதில் குருதி சிந்துவதில்லை.

அவளை மீட்க நான்சியும் மற்றவர்களும் அறிதுயில் மூலம் ஒரே கனவுக்குள் நுழைகின்றனர். கனவில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆற்றல் உண்டு. சக்கர நாற்காலியில் வாழும் வில் மந்திரவாதியாக எழுந்து நடக்கிறான். கின்கெய்டு பெரும் உடல்வலிமை பெறுகிறான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட டாரின் கத்திச் சண்டையில் வல்லவளாகிறாள். ஆயினும் டாரினும் வில்லும் கொல்லப்படுகின்றனர். டாரினைக் கொல்ல ஃபிரெடியின் விரல்கள் மருந்தூசிகளாக மாறுகின்றன.

ஃபிரெடியின் தாய் அமாண்டா குரூகர் அம்மருத்துவமனையில் பணியாற்றியவர் என்றும், தவறுதலாக நோயாளிகளிடையே அடைபட்டு வன்முறைக்கு ஆளானவர் என்றும் ஒரு கன்னியாஸ்திரி நீலிடம் கூறுகிறார். ஃபிரெடியின் எலும்புகளைப் புனித மண்ணில் புதைத்தாலன்றி அவன் அடங்கமாட்டான் என்பதும் அவர் கூற்று. நீலும் நான்சியின் தந்தை டொனால்டும் பழைய வாகனக் கிடங்கு ஒன்றில் எலும்புகளைக் கண்டெடுக்கின்றனர். எலும்புக்கூடு எழுந்து டொனால்டைக் கொல்கிறது. கனவில் தந்தையின் உருவில் வந்து ஃபிரெடி நான்சியைக் குத்துகிறான். இறக்கும் தறுவாயிலும் அவள் அவனுடைய கையுறைக் கத்திகளை அவன் மீதே பாய்ச்சிக் கிறிஸ்டனைக் காக்கிறாள். நீல் எலும்புகளின் மீது தீர்த்தம் தெளித்துச் சிலுவையை வைக்க, ஃபிரெடி மறைகிறான். நான்சியின் அடக்கத்தின்போது நீல் ஒரு கல்லறையைக் காண்கிறார். தன்னிடம் பேசிய கன்னியாஸ்திரி அமாண்டாவே என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. இறுதிக் காட்சியில் காகித வீட்டின் சன்னலில் விளக்கு எரிகிறது.

தயாரிப்பு

இப்படத்தை எடுப்போர் வாழ்வில் ஃபிரெடி நுழைவதாக ஒரு கதையைக் கிராவன் முதலில் முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை, 1994 இல் அவர் இயக்கிய நியூ நைட்மேர் படத்தில் அவ்வெண்ணம் உருப்பெற்றது. கிராவன், வாக்னர் எழுதிய வடிவத்தை ரசலும் டாரபான்டும் பெருமளவு மாற்றி எழுதினர். கற்பனைச் சாகசமும் கறுப்பு நகைச்சுவையும் கூடின. முதல் படத்தில் நிழலாகவே நின்ற ஃபிரெடி இதன் பின்னர்க் கொல்லுமுன் கேலி பேசுபவனாக மாறினான். தொடருக்குப் பெரும் புகழைத் தந்ததும், பிற்காலப் படங்களில் அச்சத்தைக் குறைத்ததும் இம்மாற்றமே.

ஃபிரெடியின் ஒப்பனையைக் கெவின் யாகர் செய்தார். எலும்புக்கூடு தாக்கும் காட்சி, பாவையைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சட்டம் சட்டமாகப் படம்பிடிக்கும் முறையில் எடுக்கப்பட்டது. இசையமைத்தவர் ஆஞ்செலோ பாடலமென்டி. டாக்கன் என்னும் இசைக்குழு இப்படத்துக்கெனப் பாடிய பாடலும் புகழ்பெற்றது.

பட்ரீசியா ஆர்க்வெட்டின் முதல் திரைப்படம் இது. பணியாளர் மேக்ஸாக நடித்த லாரன்ஸ் ஃபிஷ்பர்னின் பெயர் லாரி ஃபிஷ்பர்ன் என இடம்பெற்றுள்ளது. நடிகை சா சா கபோரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் டிக் காவெட்டும் ஜெனிஃபர் இறக்கும் காட்சியில் தாமாகவே தோன்றுகின்றனர்.

வரவேற்பு

ஏறத்தாழ 45 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4 கோடியே 48 இலட்சம் டாலர் ஈட்டியது. முதல் இரு படங்களின் வசூலையும் இது விஞ்சியது. வெளிவந்தபோது விமர்சகர்களின் கருத்துகள் கலவையாக இருந்தன. பின்னாளில் தொடரின் சிறந்த படங்களுள் ஒன்றாகப் பலரும் இதனைக் கருதலாயினர்.

ரென்னி ஹார்லின் இயக்கிய நான்காம் படம் 1988 இல் வெளிவந்தது. அதில் கிறிஸ்டனாக ஆர்க்வெட்டுக்குப் பதிலாக டியூஸ்டே நைட் நடித்தார். உயிர் தப்பிய கிறிஸ்டன், ஜோயி, கின்கெய்டு மூவரும் அப்படத்தில் கொல்லப்படுகின்றனர். கனவுகளை ஒடுக்க இப்படத்தில் பயன்படும் ஹிப்னோசில் என்னும் கற்பனை மருந்தும் வெஸ்டின் ஹில்ஸ் மருத்துவமனையும் 2003 இல் வெளிவந்த ஃபிரெடி வெர்சஸ் ஜேசன் படத்தில் மீண்டும் இடம்பெற்றன.