என்ஜின் சூடாகிறதா? ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று அறிவது எப்படி?

நாமகிரிப்பேட்டை பகுதியிலிருந்து குடும்பத்தோடு கொல்லிமலைக்குச் செல்பவர்கள் காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆட்கள் நிறைந்த கார், ஏசியும் ஓட, குறைந்த கியரில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காது. அதுவரை தெரியாத சிறு குறையும் அங்கே வெளிப்பட்டு, வெப்பமானி முள் சிவப்பைத் தொடும். உடனே ‘ஹெட் கேஸ்கெட் போய்விட்டது’ என்று முடிவு கட்டி என்ஜினைப் பிரிப்பது பெரிய செலவு. பிரிப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வழிகள் உண்டு.

கேஸ்கெட்டின் வேலை

என்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். எரிவாயு, கூலன்ட், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது தடுக்கிறது. அதிகச் சூட்டில் அலுமினிய ஹெட் வளைந்தால் இந்த அடைப்பு விட்டுப்போகும்.

அறிகுறிகள்

* வெளியே கசிவு இல்லாமலே கூலன்ட் குறைந்துகொண்டே போவது.
* என்ஜின் நன்கு சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெண்புகை வருவது.
* என்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி எழுவது.
* ஆயில் கம்பியில் உள்ள ஆயில் பால் கலந்த காபி நிறமாக மாறுவது.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெண்புகை வருவது இயல்பு. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் அடியில் ஈரப்பதத்தால் வெண்பசை படியலாம். கூலன்ட் மாற்றியதும் உள்ளே தங்கிய காற்று குமிழியாக வரலாம்.

கேட்டுச் செய்ய வேண்டிய சோதனைகள்

முதலில் ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது இவற்றில் இருந்தால் செலவு குறைவு. அவை சரியாக இருந்தால்:

1. பிரஷர் டெஸ்ட்: கை பம்பால் கூலிங் அமைப்பில் அழுத்தம் ஏற்றுவார்கள். வெளிக்கசிவு இல்லாமல் அழுத்தம் இறங்கினால் உள்கசிவு இருக்கலாம்.
2. வாயு சோதனை: ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து என்ஜினை ஓட்டுவார்கள். எரிவாயு கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.
3. கம்ப்ரெஷன் டெஸ்ட்: அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் அழுத்தம் குறைவாக இருந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கெட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அது வளைந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று லேத்தில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புதிய கேஸ்கெட் போட்டாலும் நிலைக்காது.

வழியில் முள் ஏறினால்

ஏசியை நிறுத்தி, ஓரமான இடத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணையுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஹெட் வளைகிறது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. மீதமானதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.