இயந்திரத்தின் தூதர்கள்

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழம்பாதையில் அமைந்த ஊர் வண்ணாத்திவில்லு. அதற்கப்பால் எழுவன்குளமும், கலா ஓயாவும், வில்பத்துக் காடும் கிடக்கின்றன. இத்தகைய வழியிலே மோட்டார் வண்டி ஒன்று திணறி நின்றுவிடுமாயின், நோய் இன்னதென்று அறிவதே முதல் மருந்தாகும். அவ்வாறு அறியும் கலை கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் மாறிவிட்டது.

காபரேற்றர் பூட்டிய வண்டிகள் ஓடிய காலத்திலே, பழுதுபார்ப்போனுக்குக் காதும் மூக்கும் கண்ணுமே கருவிகளாக இருந்தன. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நிறமே செய்தி சொல்லும். கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு.

இந்நிலையை மாற்றியது தொலைவிலுள்ள ஒரு நகரின் புகையாகும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கவ்விய புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் கழிவுப்புகையும் காரணமென்று ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதன்பின் கலிபோர்ணியாவில் கட்டுப்பாடுகள் இறுகின. 1967இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருட் செலுத்துகை வொல்க்ஸ்வாகன் வண்டியில் இடம்பெற்றது. 1976இல் வொல்வோ வண்டியில் ஒட்சிசன் உணரி பொருத்தப்பட்டது. பெற்றோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 உவோற்றும், குறைந்தால் ஏறத்தாழ 0.1 உவோற்றும் காட்டி, அவ்வுணரி கணினிக்குச் செய்தி அனுப்பிற்று. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய கார்கள் யாவும் பொதுவான குறியீடுகளில் தம் குறையைக் கூறவேண்டுமென விதிக்கப்பட்டது.

ஈயம் கலந்த பெற்றோல் அவ்வுணரியைக் கெடுத்துவிடும். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நீக்கப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. இவ்வாறு, முன்பு செவியால் அறிந்த நோயை அளவையால் அறியவேண்டிய காலம் கிராமத்துக் கராச்சுகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால், குறியீடு வேறு, தீர்ப்பு வேறு. கலவையில் பெற்றோல் குறைவென்று குறியீடு வந்தவுடன் ஒட்சிசன் உணரியையே மாற்றிவிடுவோர் பலர். காற்றுக்குழாயில் வெடிப்பு இருக்கலாம். பெற்றோல் பம்பு தளர்ந்திருக்கலாம். உணரியோ கண்டதைக் கண்டபடி உரைத்திருக்கும். தூதனைக் கொல்லலாகாது என்று இலங்கை வேந்தனின் அவையிலே வீடணன் எடுத்துரைத்த நீதி இங்கும் பொருந்துமன்றோ?

நீரின் வெப்பத்தை அறியும் உணரியை நோக்குவோம். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையவேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு அதன் இணைப்பு முனை துருவேறினால், தடை வீணாகக் கூடும். கணினி எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பெற்றோலை மிகுதியாக ஊற்றும். கரும்புகை எழும், வண்டி இழுக்காது. புதிய உணரியை வாங்கி, துருப்பிடித்த அதே முனையில் பூட்டினால் குறை தீருமா? குளிர்ந்தபோது ஒரு முறையும் சூடேறியபின் ஒரு முறையும் உணரியை மல்ரிமீற்றரால் அளந்து, வயரையும் முனையையும் சோதித்தால் உண்மை வெளிப்படும்.

நகரத்திலே தவறாக வாங்கிய பாகம் பணநட்டம் மட்டுமே. காட்டோரத்து ஊரிலோ, நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியும் மீனை ஏற்றிச் செல்லும் வண்டியும் நடுவழியில் நிற்கும். ஆதலின் அளந்து பாராது எப்பாகத்தையும் மாற்றாமை அங்கே தொழில்நுட்பம் மட்டுமன்று, அறமுமாகும்.