கைக்கும் கைக்கும் நடுவே

பாவு பிணைக்க உட்கார்ந்தபோதுதான் முதலில் தெரிந்தது. பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கி ஒன்றாக்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணைவிட விரல்தான் அதிகம் பார்க்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறுக்க, மிச்ச இழைகளை ஒதுக்கிப் பிடிப்பவை கடைசி இரண்டு விரல்கள். அன்று அந்த இரண்டும் மரத்துக் கிடந்தன. இழை கையில் இருக்கா, நழுவிடுச்சா என்றே தெரியவில்லை. பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு விரல் மரத்துப்போவது சின்ன விஷயமில்லை.

"தறியால வந்தது இல்லடா இது" என்றார் அப்பா. வாசலில் நின்ற சைக்கிளைக் கண்ணால் காட்டினார். "அந்தக் கொம்பாலதான்."

கொம்பு என்று அவர் சொன்னது ஹேண்டில்பாரை. சென்னையில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய மவுண்டன் பைக். நகரிப் பக்கத்து மண்பாதைகளில் ஏறி இறங்குவதற்காக வாங்கியது. ஹேண்டில்பாரின் அகலம் 780 மில்லிமீட்டர், ஏறக்குறைய 31 அங்குலம். எங்கள் வீட்டு நடையில் நேராக நுழையாது. முன்சக்கரத்தைத் திருப்பி, சாய்த்து, கொஞ்சி உள்ளே கொண்டுபோக வேண்டும். என் தோள் அகலமோ 40 சென்டிமீட்டர். இந்த அளவை யார் வைத்தது, யாருக்காக வைத்தது என்று தேட ஆரம்பித்தேன்.

கைக்கும் கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்ற கேள்வி எங்கள் தொழிலுக்குப் புதுசில்லை. ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடித்த காலத்தில், துணியின் அகலம் என்பது நெசவாளரின் கை எட்டும் அகலம்தான். அதைவிட அகலமான துணி வேண்டுமென்றால் தறிக்கு இரண்டு ஆள் உட்கார வேண்டும். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகுதான் துணி உடம்பைவிட அகலமானது. அந்த நாடாவை நம் பக்கத்துக் கைத்தறிகளில் பரப்ப, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி மெனக்கெட்டார். அப்பா இந்தப் பெயர்களை எல்லாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஆளுக்குப் பொருந்தாத தறி ஆளை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

சைக்கிளின் கதையிலும் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தோள் முடிவு செய்தது ரொம்பப் பிந்தித்தான்.

1817இல் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் ஓட்டிய மரவண்டியில் பெடல் கிடையாது, காலால் தரையை உந்திப் போக வேண்டும். முன்கைகளைச் சாய்த்துக்கொள்ள ஒரு மெத்தைப் பலகை, திருப்ப ஒரு கட்டை, அவ்வளவுதான். 1870களில் வந்த உயரச் சக்கர சைக்கிளில் ஓட்டுபவரின் மடிக்கு மேலேயே ஹேண்டில் வரும். முட்டி இடிக்காமல் கால் சுழல வேண்டும். முன்பக்கம் குப்புற விழுந்தால் கால் ஹேண்டிலில் மாட்டிக்கொள்ளும், தலைதான் முதலில் தரையில் மோதும். அதனால் இறக்கத்தில் இரண்டு காலையும் ஹேண்டிலுக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், விழுந்தாலும் கால் முன்னால் விழட்டும் என்று. 'வாட்டன் பார்' என்று ஒரு வகையும் வந்தது. அது கால்களுக்குப் பின்னால், தொடைக்குக் கீழே வளைந்து வரும். எப்படி ஓட்டுவது என்பதைவிட எப்படி விழுவது என்று யோசித்துச் செய்த ஹேண்டில். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்', சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றிய பிறகு, காலும் கையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் பிரிந்தன.

அந்த ரோவரின் பேரப்பிள்ளைகள்தான் நம் அப்பாக்களின் சைக்கிள்கள். 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ்கள் தமிழ்நாடு முழுக்க ஓடின. கருப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், பின்னோக்கி வளைந்து வரும் ஹேண்டில். அந்த ஹேண்டிலை அப்பாவின் சைக்கிளில் அளந்து பார்த்தேன், அரை மீட்டரைச் சற்றே தாண்டியது. ஏன் எல்லா சைக்கிளிலும் ஒரே மாதிரி? காரணம் பிரேக். அந்தக் காலத்துப் பிரேக்கில் கேபிள் இல்லை, இரும்புக் கம்பி. பிரேக் பிடி ஹேண்டிலின் வளைவை ஒட்டியே ஓடி, கம்பிகளை மேலே இழுத்து, ரிம்மில் ரப்பர் கட்டையை அழுத்தும். ஹேண்டிலின் அகலத்தை ஒரு அங்குலம் மாற்றினால் கம்பி அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். ஆகவே அகலத்தை யாரும் தொடவில்லை.

ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் தற்செயலாகவோ அனுபவத்தாலோ வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பிடியைப் பிடித்தால் இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்கும், ரெண்டு குடம் தூக்குகிற மாதிரி. மணிக்கட்டு வளையாது. முதுகு நிமிர்ந்து, உடம்பின் எடை சீட்டில் இறங்கும், கையில் இறங்காது. கேரியரில் நூல் மூட்டையும் முன்பார் மேல் பிள்ளையுமாகப் போகிற ஆளுக்கு அதுதான் வேண்டும். குரங்குப் பெடல் போட்ட நமக்கெல்லாம் ஹேண்டிலின் அகலம் ஒரு பொருட்டே இல்லை. வலக்கை சீட்டைக் கட்டிக்கொண்டிருக்க, இடக்கை மட்டும்தானே ஹேண்டிலில்! தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காத பலரும் பழகியது இதே ஆம்பளை சைக்கிளில்தான்.

அந்த வளைந்த ஹேண்டிலை வீழ்த்தியது ஒரு இறக்கம்.

கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலைப் பக்கம் காட்டுத்தீ வண்டிகள் போவதற்கான மண்பாதை ஒன்று. 2.1 மைலில் 1,300 அடி இறங்கும். 1976 அக்டோபர் 21இல் சில இளைஞர்கள் அங்கே பழைய பலூன் டயர் சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். ஷ்வின் நிறுவனத்தின் முப்பது, நாற்பது வயதான கிழட்டு வண்டிகள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், திரும்ப அடைக்க வேண்டும். 'ரீபேக்' என்று பந்தயத்துக்குப் பெயர் வந்ததே அதனால்தான். சீட்டில் உட்கார்ந்து இறங்க முடியாத பாதை அது. நின்றால் எடை கைக்கும் காலுக்கும் போகும், கல்லில் மோதும் சக்கரம் ஹேண்டிலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும். அவர்கள் போய் எடுத்துவந்தவை மோட்டார் சைக்கிளின் அகலமான ஹேண்டிலும் பிரேக் பிடிகளும். தூரம் கூடினால் நெம்புகோலின் பலம் கூடும், கிணற்று ராட்டினத்தில் கைப்பிடி நீளமானால் சுற்றுவது லேசாவது மாதிரி. மறுவருஷம் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு ஃபிரேம் செய்தார். மவுண்டன் பைக் பிறந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தொண்ணூறுகளில் பந்தயம் இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கு மாறியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் இடம்பிடித்தது. ஏறுவதற்கு உடம்பு முன்னால் சாய வேண்டும், எடை குறைய வேண்டும், மரங்களின் நடுவே புகுந்து போக வேண்டும். வீரர்கள் ஹேண்டிலை வெட்டிக்கொண்டே வந்தார்கள். 560 மில்லிமீட்டர் வரை சுருங்கியது. அதைப் பிடிக்கிற ஸ்டெம்மோ 12, 13 சென்டிமீட்டருக்கு முன்னால் நீண்டது. இந்தச் சுருங்கிய நேர்க்கம்பிதான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஹெர்குலிஸ் 'எம்.டி.பி.' என்று எழுதிய சைக்கிளை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். கியர் இல்லை, மலையும் இல்லை. ஆனால் நேர் ஹேண்டில், தடித்த டயர். எனக்கு மூத்த பையன்கள் அதற்காக அழுது உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். ஏற்றத்தில் பந்தயம் ஓடுகிறவரின் கைநிலையை, சமதரையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாங்கிக்கொண்டது. குடம் தூக்கும் பிடி போய், மேசையைத் தள்ளும் பிடி வந்தது. எடை உள்ளங்கைக்கு இறங்கியது. அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

2010களில் மறுபடி மாற்றம். ஸ்டெம் 4, 5 சென்டிமீட்டராகக் குறைந்து, ஹேண்டில் 780, 800 என்று விரிந்தது. 560ஐவிட 780இல் நெம்பு பலம் கிட்டத்தட்ட 40 விழுக்காடு அதிகம். கரடான இறக்கத்தில் அது உயிரைக் காப்பாற்றும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் உயரம் ஆறடியோ ஐந்தேகாலோ, கடையிலிருந்து ஒரே அளவுதான் வருகிறது. அகலமாக விற்பது குறைத்துக்கொள்ளட்டும் என்றுதான். வாங்குகிற நம்மில் எத்தனை பேர் குறைத்துக்கொள்கிறோம்?

என் விரலுக்கு வந்ததற்கு மருத்துவத்தில் 'சைக்கிள்காரர் வாதம்' என்கிற அர்த்தத்தில் பெயரே உண்டு. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்வு தரும் அல்னார் நரம்பு, உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், ஒரு குறுகிய வழியாகப் போகிறது. கை அளவுக்கு மீறி விரிந்தால் முழங்கை மடங்காமல் விறைக்கிறது. மடங்காத முழங்கை அதிர்வை வாங்கிக்கொள்ளாது, எல்லாம் அந்த வழியின் மேல் வந்து இடிக்கும்.

தரையில் தண்டால் எடுக்கிற மாதிரிப் படுத்து, யோசிக்காமல் கை ஊன்றினேன். அப்பா நெசவு அளக்கும் டேப்பை எடுத்து வந்து, ஒரு கையின் வெளி விளிம்பிலிருந்து மறு கை விளிம்புவரை அளந்தார். 71 சென்டிமீட்டர். உடனே ஆக்ஸா பிளேடைத் தேடினேன். சைக்கிள் கடைக்காரர் தடுத்தார். "வெட்டிட்டா ஒட்ட முடியாது தம்பி. முதல்ல கிரிப்பை உள்ளே தள்ளி ஓட்டிப் பாரு." கிரிப்பையும் பிரேக் பிடியையும் இரண்டு பக்கமும் 3 சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தினோம். பிரேக் பிடியின் நுனியில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் விழும்படி வைத்தோம். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்வரை அதன் சாய்வைத் திருப்பினோம். வெறும் கம்பி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். ஊரில் சிரித்தார்கள்.

720இல் வெட்டினோம். 71 சரியாக இல்லை, இறக்கத்தில் கொஞ்சம் சிக்கெனத் தெரிந்தது. ஒரு சென்டிமீட்டர் விட்டுவைத்தோம். மோதிரவிரல் பத்து நாளில் திரும்பியது, சுண்டுவிரலுக்கு மேலும் ஒரு மாதம் ஆனது. தை முடிந்து அடுத்த பாவு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்த அப்பா ஒன்றும் கேட்கவில்லை. இழைகளைப் பிரித்து என் விரலிடுக்கில் கொடுத்துவிட்டு, தன் பக்கத்துப் பாவைப் பார்க்கத் திரும்பினார்.