யாரிடம் சொல்வது? கடனும் மறைப்பும்: நம் வரலாற்றிலிருந்து ஒரு கேள்வி



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நிலம், கல்வி, இடஒதுக்கீடு, வன்கொடுமை ஆகியவற்றை நம் மேடைகள் தொடர்ந்து பேசிவந்திருக்கின்றன. விவசாயக் கடன், வங்கிகளின் கொள்கை என்று கடனைப் பற்றியும் பேசியிருக்கிறோம். ஆனால் நம் வீட்டு அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் தவணை அட்டையை மேடைக்குக் கொண்டுவந்ததில்லை. கணவனுக்குத் தெரியாமல் குழுக்கடன் கட்டும் பெண், விடுதியில் இருந்துகொண்டு கைபேசிச் செயலியில் கடன் வாங்கிய மாணவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியதை மகளிடமே மறைக்கும் தந்தை ஆகிய மூவரையும் நமக்குத் தெரியும். மூவரும் தனித்தனியே ஒரே கேள்வியோடு விழித்திருக்கிறார்கள். சொல்வதா, வேண்டாமா?

இதை ஒருவருடைய மனத்துணிவு பற்றிய கேள்வியாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால், யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லத் தேவையில்லை என்பது சற்றுத் தெளிவாகும்.

காகிதத்தில் நின்ற பெயர்

அண்ணலிடமிருந்தே தொடங்குவோம். 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படிப்பு முடிந்தபின் 10 ஆண்டுகள் பரோடா அரசில் பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்திருந்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற 1917-இல் பரோடாவுக்குப் போனபோது தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தன் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். தடியோடு வந்த கூட்டம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. பரோடாவை விட்டே அவர் போக வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் நிறைவேறாததற்குக் காரணம் சாதி. காகிதத்தில் நின்றதோ அவர் பெயர்.

நம் மக்களின் கடன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூலியைக் குறைத்தவர், நிலம் தராதவர், பள்ளிக் கட்டணத்தை ஏற்றியவர் எவர் பெயரும் பத்திரத்தில் இருப்பதில்லை. வாங்கியவர் பெயர் மட்டும் இருக்கிறது. அதனால்தான் வெட்கமும் அவர் ஒருவருக்கே வந்து சேர்கிறது.

1920-இல் பாதியில் விட்ட படிப்பைத் தொடர அவர் மீண்டும் லண்டனுக்குக் கிளம்பினார். அப்போது நண்பர் நவல் பத்தேனாவிடம் 5000 ரூபாய் கடன் வாங்கினார். கடன் கேட்பதென்றால் கையில் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேரிடம் சொன்னார் என்பதைவிட யாரிடம் சொன்னார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

எவ்வளவு என்று தெரியாத கடன்

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகு, ஒருவரைத் தன் அடிமை என்று கூறி நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாமல் போனது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமை வணிகத்தைக் குற்றமாக்கியது. அடிமை என்ற சொல் சட்டத்திலிருந்து போயிற்று. ஆளைக் கட்டிவைக்கும் வேலையைக் கடன் பத்திரம் எடுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சிறு தொகைக்காகப் படியாளும் பண்ணையாளும் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்தார்கள். குடியிருந்த மனையும் மிராசுதாரருடையது என்பதால், கடனைக் கேள்வி கேட்டால் குடிசையும் போகும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையை நாம் பஞ்சமி நிலத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். நிலமும் சொந்த மனையும் இல்லாதவரைக் கடன் எப்படிப் பிடித்துவைக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

1859-இல் வந்த இன்னொரு சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராமல் போவதைக் குற்ற வழக்காக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடி என்று நீதிபதி உத்தரவிடுவார். மீறினால் 3 மாதம்வரை சிறை. 1925-இல்தான் அது நீக்கப்பட்டது. கடன்பட்டவர் குற்றவாளி என்ற நினைப்பு நம் தெருக்களில் தானாக முளைக்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டமே அதைச் சொல்லிக்கொடுத்தது.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் கதையும் இதுவே. கப்பலேறும் முன்பே பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளி பெயரில் கடனாயின. கங்காணியின் கையில் ‘துண்டு’ என்ற சீட்டு இருந்தது. அவருடைய ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அவர்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்தின் துரை எழுதித்தரும் சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும். 1921-இல் இந்த முறை ஒழிக்கப்பட்டது.

பண்ணையிலும் தோட்டத்திலும் ஒன்று பொதுவாக இருந்தது. கடன் இருப்பது ஊருக்கே தெரியும். எவ்வளவு என்பது கடன்பட்டவருக்குத் தெரியாது. கணக்கு நோட்டு ஆண்டையிடம் இருந்தது, சீட்டு கங்காணியிடம் இருந்தது. நமக்கு எழுத்து மறுக்கப்பட்டதன் பலனை அவர்கள் அறுவடை செய்தார்கள். அன்று கடனை மறைத்தவர் கடன் கொடுத்தவர்தான்.

வாய்திறந்ததும் சட்டம் கேட்டது

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1975 அக்டோபர் 25 முதல் செல்லுபடியாகும்படி கொண்டுவரப்பட்டது. அதன்படி கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்தாகிறது. அதற்காக எடுத்துக்கொண்ட சொத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை மேலும் வலுவாக்கியது. கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால், முன்பணத்துக்காகவே நடக்கிறது என்று கொள்ள வேண்டும் என்றது.

நோட்டைப் பார்த்தே இராதவரின் வாய்ச்சொல்லைச் சட்டம் ஏற்க வேண்டியதாயிற்று. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்தில் சிக்கிய குடும்பங்கள் விடுதலைச் சான்றிதழ் பெற்றபோதெல்லாம், முதலில் யாரோ ஒருவர் தம் கடனை நம்பத்தகுந்த இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். விடுதலையின் முதல் படி அந்தப் பேச்சுதான்.

வெட்கமே அடமானம்

இன்று கடனின் உருவம் மாறியிருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் பெண்களுக்குச் சேமிப்பையும் வங்கி வாசலையும் காட்டின. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்களும் குழுவாகவே உட்காரவைத்தன. ஆனால் அங்கே சேமிப்பு இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நகையோ நிலமோ ஈடாகக் கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். ஈடு இல்லாமல் இல்லை. பத்துப் பெண்கள் முன்னால் தலைகுனிய நேரும் என்ற அச்சம்தான் அங்கே ஈடு. கடன் செயலிகள் அதே அச்சத்தைக் கைபேசியின் தொடர்பு எண்கள் வழியாக மாணவர்களிடம் கொண்டுவந்தன.

ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகள் இதை மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர்களைத் தொல்லை செய்யக் கூடாது. கடன்பட்டவர் பெயரை வெளியிடக் கூடாது. குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்குக் கடன் கொடுக்கவும் கூடாது. அதே ஆண்டில் வந்த இணையவழிக் கடன் விதிகள், செயலிகள் தொடர்பு எண்களை எடுப்பதைத் தடுத்தன. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது.

இந்த விதிகளிலிருந்து நமக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. என் கடனை என் உறவுகளிடம் சொல்லும் உரிமை கடன் கொடுத்தவருக்கு இல்லை. அது என்னுடையது. அந்த உரிமையை நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கும்வரை, அவர் அதை மிரட்டலாகப் பயன்படுத்துகிறார். வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால், வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல் செல்லாது.

மறைப்பதற்கும் காரணம் உண்டு

அப்படியென்றால் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. மறைப்பவர்கள் முட்டாள்கள் அல்ல. கணவனின் மருத்துவத்துக்கு வாங்கிய கடனுக்கே, உன்னை யார் வாங்கச் சொன்னது என்று அடிவாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கடன் வெளியே தெரிந்தால் தங்கையின் சம்பந்தம் நின்றுபோகும். ஆதிக்கச் சாதி நண்பரிடம் சொன்னால், வியாபாரக் கடன் வைத்திருக்கும் அவரே, இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்பார். அவர் கடன் முதலீடு, நம் கடன் ஊதாரித்தனம். முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்குப் போனவருக்குச் சிக்கல் வேறு. வீடே தன்னை நம்பியிருக்கும்போது, தன் சம்பளத்தில் பாதி தவணைக்குப் போவதை எப்படிச் சொல்வது? சொன்னால் அம்மா தோட்டை அடகு வைப்பாள். அது தெரிந்தே மறைக்கிறார்கள். அந்த மறைப்பில் அன்பும் இருக்கிறது.

எனவே சொல்வதையும் கேட்பதையும் பிரித்துக்கொள்வோம். கடனைச் சொல்வது பணம் கேட்பதாகாது. “எனக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம், தெரிந்திருந்தால் போதும்” என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

யாரிடம் என்பதற்கு மூன்று அளவுகோல்களை முன்வைக்கிறோம். யாருடைய கையெழுத்தோ ஆதாரோ நகையோ அந்தக் கடனில் இருக்கிறதோ, அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தவணைக்காக யாருடைய சாப்பாடும் படிப்பும் மருந்தும் குறைகிறதோ, அவருக்கும் தெரிய வேண்டும். வசூலுக்கு வருபவர் நாளை யார் வாசலில் நிற்பாரோ, அவர் அதை நம் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டும். இந்த மூன்றிலும் வராத உறவினருக்கும் நண்பருக்கும் சொல்லும் கடமை நமக்கு இல்லை. சொன்னால் அடி விழும் வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு தோழியிடம், சங்கத்திடம், வழக்கறிஞரிடம்.

எதைச் சொல்வது என்பதும் முக்கியம். கொஞ்சம் கடன் இருக்கிறது என்பது சொன்னதாகாது. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, வட்டி என்ன, பாக்கி எத்தனை தவணை என்று நான்கு எண்களையும் காகிதத்தில் எழுதி எதிரே வைக்க வேண்டும். நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டது அந்த எண்கள்தான். இன்று அவை நம் கையில் இருந்தும் நாமே மடித்து ஒளித்துவைத்தால், ஆண்டையின் நோட்டை நாமே காவல் காப்பதாக ஆகும்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவில் மாதம் ஒருநாள் மாலை, வாசிப்பு வட்டம் முடிந்தபின், ஒரு நோட்டோடு உட்காருங்கள். விரும்பி வருபவரின் தவணை அட்டையைப் படித்துக் காட்டுங்கள். வட்டியைக் கணக்கிடுங்கள். விதிமீறல் இருந்தால் மனு எழுதுங்கள். கேட்டதை வெளியே பேசாதீர்கள். யாருக்கும் புத்திமதி சொல்லாதீர்கள். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.