அங்கொடையிலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு: உளநல மருத்துவத்தில் குடும்பம் எங்கே இருந்தது?

"உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்." இந்த ஏச்சைக் கேட்காமல் இலங்கையில் வளர்ந்தவர்கள் குறைவு. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஊரின் பெயர், அந்த ஊரை ஒருநாளும் பார்த்திராத வல்வெட்டித்துறைக்காரருக்கும் வாழைச்சேனைக்காரருக்கும் விசர் எண்ட சொல்லுக்குப் பதிலாகப் பழகிப்போயிருக்கு. இது சும்மா வந்த பழக்கம் இல்லை. பிரித்தானியர் 1873இல் இங்கே கொண்டுவந்த சட்டத்திலிருந்து அதைத் தொடங்கலாம். ஒருவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை எண்டு சந்தேகம் வந்தால் மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கும், பிறகு அடைத்து வைக்கக் கட்டளையிடும். இந்த ஏற்பாட்டில் வைத்தியரை விட நீதவானுக்குத்தான் முதலிடம். குடும்பத்துக்கு இருந்த வேலை முறைப்பாடு சொல்வது, ஒப்படைப்பது, திரும்பிப் போவது. பலதடவை திருத்தப்பட்டாலும் அந்தச் சட்டத்தின் எலும்புக்கூடு 21ஆம் நூற்றாண்டு வரைக்கும் வந்து சேர்ந்தது.

இன்னொரு விசயத்தையும் இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேணும். 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்றைக்கு நாங்கள் எம்ஓஎச் கந்தோர் எண்டு சொல்கிற முறையின் ஆரம்பம் அதுதான். மருத்துவமாது வீடு வீடாகப் போய் கர்ப்பிணியைப் பார்ப்பா, பிள்ளையைப் பார்ப்பா. தாய் சேய் மரணங்களைக் குறைத்ததில் உலகமே இலங்கையை உதாரணம் காட்டுவதற்கு இந்த முறை ஒரு பெரிய காரணம். அங்கொடை வைத்தியசாலை எழும்பியதும் அதே 1920களில்தான். அதாவது உடம்புக்கான வைத்தியம் வீட்டுப் படலையைத் தேடி வந்துகொண்டிருந்த காலத்தில், மனதுக்கான வைத்தியம் மதில் கட்டிய ஒரு இடத்துக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவரை அங்கே விட்டுவிட்டு ரயிலேறி வந்த குடும்பம், எத்தனை தரம் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கும்?

இந்தப் பிரிவை எங்கட பகுதியில் முதலில் உடைத்தவர்களில் ஒருவர், பெரிய கோட்பாடு எதுவும் கையில் இல்லாதவர். பெயர் வித்யா சாகர். (இசையமைப்பாளர் இல்லை.) 1950களில் பஞ்சாபின் அம்ரித்சர் மனநோய் வைத்தியசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர். இந்தியப் பிரிவினைக்குப் பிறகு லாகூர் மனநோய் வைத்தியசாலையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகளை எல்லைக்கு இந்தப் பக்கம் மாற்றினார்கள். மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' வாசித்தவர்களுக்கு இந்தக் கூத்து தெரிந்திருக்கும். கதையில் வருகிற அந்த மாற்றத்தில் நிஜமாக வந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அம்ரித்சர். அங்கே கட்டில் காணாது, ஆளணி காணாது. வித்யா சாகர் வளவுக்குள் கூடாரங்கள் அடித்தார். நோயாளியை விட்டுட்டுப் போகாமல் குடும்பமும் கூடவே தங்கட்டும் எண்டார். தாய் சமைத்தாள், தமையன் குளிக்க வார்த்தான். குடும்பங்களை ஒன்றாக இருத்தி இந்த நோய் என்ன, ஏன் வருகுது, வீட்டுக்குப் போனபிறகு என்ன செய்யவேணும் எண்டு அவர் கதைத்தார். நோயாளிகள் கெதியாகச் சுகமாகி வீட்டுக்குப் போனார்கள். அதைவிட முக்கியம், போகிறதுக்கு அவர்களுக்கு ஒரு வீடு மிச்சம் இருந்தது. குடும்பம் அவர்களை ஒருநாளும் கைவிட்டிருக்கவில்லையே.

வேலூர் சிஎம்சி இதையே ஒழுங்கான முறையாக்கியது. 1957இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மனநல நிலையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவராவது தங்கவேணும் எண்டது வழமையானது. பிறகு பெங்களூரில் நிம்ஹான்ஸ் குடும்ப உளமருத்துவத்துக்கெண்டு தனி நிலையம் வைத்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் 'குடும்பச் சிகிச்சை' எண்ட பெயரில் ஒரு துறை வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்று எண்டு நினைக்கக்கூடாது. அங்கே குடும்பத்தைக் கூப்பிட்டதுக்குக் காரணம் சந்தேகம். 1948இல் ஃப்ரீடா ஃப்ரொம் ரைஷ்மன் பிள்ளைக்கு மனச்சிதைவைக் கொண்டுவருகிற தாய் எண்ட கருத்தை எழுதினார். 1956இல் கிரெகரி பேட்சன் குழுவினர், வீட்டுக்குள் ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள் பிள்ளையை எப்படிச் சிக்க வைக்கின்றன எண்டு விளக்கினார்கள். அமெரிக்காவில் குடும்பம் குற்றவாளிக் கூண்டில் நின்றது, அம்ரித்சரில் தாதியாக நின்றது. தாயைக் குற்றம் சொன்ன கோட்பாடு பிறகு ஆதாரமில்லாமல் கைவிடப்பட்டது, நல்லகாலம். ஆனால் அம்ரித்சர் பார்வையிலும் ஒரு ஓட்டை இருக்கு எண்டுதான் எனக்குப் படுகுது. தாதியாக நிற்கிற தாய்க்கு என்ன நடக்குது எண்டு அங்கே ஆர் கேட்டது?

லண்டனில் ஜோர்ஜ் பிரவுணும் அவருக்குப் பின் வந்தவர்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குப் போகிறவர், ஓயாமல் குறை சொல்கிற அல்லது அளவுக்கு மிஞ்சிப் பொத்திப் பிடிக்கிற வீட்டுக்குப் போனால் நோய் திரும்புகிற வாய்ப்புக் கூட. நோயைக் குடும்பம் உண்டாக்குவதில்லை. ஆனால் நோய் போகிற பாதையைக் குடும்பம் மாற்றும். அப்படியெண்டால் குடும்பத்துக்கும் கொஞ்சம் பயிற்சி, கொஞ்சம் ஓய்வு, கொஞ்சம் காது கொடுக்கவேணும். 1980களில் இதே ஆய்வைச் சண்டிகரில் செய்தபோது, அங்கே கடுமையாகக் குறைசொல்கிற வீடுகள் லண்டனை விடக் குறைவாக இருந்தன.

அதே சண்டிகரில்தான் அடுத்த அத்தியாயமும். 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று, வளர்முக நாடுகள் உளமருத்துவர்களுக்காகக் காத்திருக்க முடியாது, சாதாரண சுகாதார ஊழியர்களிடமே அடிப்படை உளநலப் பராமரிப்பைக் கொடுக்கவேணும் எண்டு பரிந்துரைத்தது. 1975இலிருந்து ஏழு நாடுகளில் அதைச் செய்து பார்த்தார்கள். இந்தியாவில் அது நடந்தது சண்டிகருக்குக் கிட்ட இருக்கிற ராய்ப்பூர் ராணியில், என்.என். விக் தலைமையில். நிம்ஹான்ஸ் பெங்களூருக்கு வெளியே சகலவாராவில் இதைப்போன்ற வேலையைத் தொடங்கியது. 1978இல் அல்மா ஆட்டா பிரகடனம் வந்தது. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் கட்டாயம் இருக்கவேண்டியவை எண்டு அது வரிசைப்படுத்திய எட்டு விசயங்களில் தடுப்பூசி இருந்தது, குடிதண்ணி இருந்தது, உளநலம் தனியாக இடம்பெறவில்லை. இந்தியா 1982இல் தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. 1985இலிருந்து கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியர்களுக்குப் பயிற்சியும் சில அவசிய மருந்துகளும் கொடுத்து ஒரு மாவட்டம் முழுக்க இதை நடத்திக் காட்டினார்கள்.

பெரிய சாதனைதான். ஆனால் கூடாரத்திலிருந்து கிராமத்துக்கு வருகிற வழியில் ஒன்று விழுந்துபோனது. மருந்தை எண்ணலாம், நோயாளிகளை எண்ணலாம், பயிற்சி பெற்றவர்களை எண்ணலாம். ஒரு குடும்பத்தோடு அரை மணித்தியாலம் கதைத்ததை எந்தப் படிவத்தில் எழுதுறது? சுமீத் ஜெயினும் சுஷ்ருத் ஜாதவும் உத்தரப் பிரதேசத்தில் இந்தத் திட்டத்தைக் கூடவே இருந்து அவதானித்து 2009இல் எழுதிய கட்டுரை, சமூக உளநலம் எண்ட பெரிய கனவு கடைசியில் மாத்திரை விநியோகமாகச் சுருங்கிப்போனதைக் காட்டுகிறது. அம்ரித்சரில் பக்கத்தில் இருந்து கேட்ட குடும்பம், இப்ப மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு போகிற கையாக மாறிவிட்டது.

இலங்கையில் இந்த மாற்றத்தை வேகப்படுத்தியது ஒரு அழிவு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005 ஒக்டோபரில் அரசாங்கம் புதிய தேசிய உளநலக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த உளநல சேவைக் கட்டமைப்பு, பிறகு 27 சுகாதார மாவட்டங்களில் 20க்குப் பரவியது எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சாதாரண எம்பிபிஎஸ் வைத்தியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து உளநல வைத்திய அதிகாரிகளாக அனுப்பினார்கள். இண்டைக்கு ஆதார வைத்தியசாலைகளில் நடக்கிற உளநல கிளினிக்குகள் பல இந்த வழியில் வந்தவை.

வடக்கில் இதற்கு முன்னமே வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தத்துக்குள்ளேயே யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைசெய்தவர். எஸ். சிவயோகனோடு சேர்ந்து அவர் எழுதிய 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' உளமருத்துவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதில்லை. ஆசிரியர், கிராம சேவகர், சுகாதார ஊழியர் எண்டு ஊருக்குள் இருக்கிறவர்களைப் பயிற்றுவிக்கிற வேலையின் பகுதி அது. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விசயம், யுத்தம் தனி மனிதரை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்தியது எண்டது. தனி ஆளுக்கு நோய்ப்பெயர் வைத்து மருந்து கொடுத்தால் பாதிதான் வேலை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இது விளங்கும். அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலீன் பொஸ், வியட்நாம் யுத்தத்தில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலைசெய்தபோது 'தெளிவற்ற இழப்பு' எண்ட கருத்துக்கு வந்தார். ஆள் இல்லை, ஆனால் செத்ததுக்கும் அத்தாட்சி இல்லை. அந்தியேட்டி செய்வதா, சாப்பாடு எடுத்து வைப்பதா? மருமகள் பொட்டு வைத்தால் மாமிக்குக் கோபம், வைக்காவிட்டால் பிள்ளை அழும். இது தனி ஒருவரின் நோய் எண்டால் யாருடைய நோய்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவில் குந்தத் தொடங்கிய தாய்மாரில் ஒருவர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் "நெஞ்சு அடைக்குது, தலையிடி, நித்திரை இல்லை" எண்டுதான் சொல்வார். வெளிநோயாளர் பிரிவில் அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை நிற்கும். பனடோல் எழுதிக் கொடுத்த வைத்தியரைக் குறை சொல்லவும் மனம் வருகுதில்லை.

அதுக்காகக் குடும்பத்தைக் கூப்பிட்டு இருத்தினால் எல்லாம் சரிவரும் எண்டும் இல்லை. அடிக்கிற புருசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனுசி என்னத்தைச் சொல்லுவா? "குடும்பம் எண்டால் அப்படித்தான், அனுசரிச்சுப் போங்கோ" எண்டு முடிகிற ஆலோசனை சிகிச்சை இல்லை, அது பஞ்சாயத்து. அரச வைத்தியசாலைகளில் இருக்கிற 'நட்பு நிலையம்' பெண்களைத் தனியாகக் கேட்பது இதனால்தான் முக்கியம். முதலில் தனியாக, பிறகு அவர் விரும்பினால் சேர்த்து. இந்த ஒழுங்கு மாறினால் ஆபத்து.

மருத்துவமாதுவிடம் வருவோம். வீட்டுக்குள் போகிற உரிமை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வரைக்கும் போகிற உரிமை, நாட்டில் வேறு எந்தச் சுகாதார ஊழியருக்கும் அந்தளவுக்கு இல்லை. பிள்ளை பெற்றவள் ஏன் மூலையில் குந்திக்கொண்டு இருக்கிறாள், மாமி ஏன் கதைக்கிறா இல்லை, மனுசன் எத்தனை மணிக்கு வெறியில் வாறான் எல்லாம் அவவுக்குத் தெரியும். ஏற்கனவே தலைக்கு மேல் பதிவேடுகள். அதோடு அவவும் பல இடங்களில் அதே ஊர்க்காரி, மாமிக்குச் சொந்தக்காரியாகவும் இருப்பா. அவவிடம் சொன்னது வெளியில் போகாது எண்ட நம்பிக்கையை ஒரு பயிற்சிப் பட்டறையால் உண்டாக்க முடியுமா? பதிவேட்டை யார் குறைப்பது, அந்த அரை மணித்தியாலத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது எண்ட கேள்விகளோடு இதையும் சேர்த்துத்தான் கேட்கவேணும்.